பாதி மட்டும் சொன்ன வைத்தியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், வயிறு உப்புசம் உள்ள கல்லூரி மாணவர்கள் வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை நாளைக்கு, யாருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளும் அவள் அறைத்தோழிகளும் உங்கள் பக்கத்தை வாட்ஸ்அப்பில் பார்த்ததிலிருந்து சாம்பாரைத் தொடுவதில்லை. சப்பாத்தியும் சுண்டலும் கிடையாது. வெறுஞ்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். அப்புறம் ராத்திரி பசிக்காமல் என்ன செய்யும்? லீவுக்கு வந்தவளின் பையில் நூடுல்ஸ் பாக்கெட்டுகள் இருந்தன. ஒன்றைத் திருப்பிப் படித்தேன்: மைதா, வெங்காயத் தூள், பூண்டுத் தூள். சாம்பாரில் எதை ஒதுக்கினாளோ அதுவே மசாலாவாக உள்ளே போகிறது. பருப்பும் காய்கறியும்தான் போகவில்லை.

நீங்கள் நிறுத்தச் சொன்ன உணவுகளில், குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும் சிலவகைச் சர்க்கரைச் சத்துகள் இருக்கின்றன. ஃபாட்மேப் (FODMAP) என்ற இவற்றைப் பற்றித் தங்களுக்குத் தெரியாததல்ல. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005இல் பெயர் வைத்தது. இவற்றைக் குறைப்பது ஐ.பி.எஸ் (IBS) என்னும் குடல் தொல்லை உள்ளவர்களுக்கான உணவுமுறை. 2 முதல் 6 வாரம்தான் நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் குறைக்க வேண்டும். அதுவும் உணவியல் நிபுணர் சொல்படி. பெருங்குடலில் வாயுவை உண்டாக்கும் இதே சத்துதான் நல்ல பாக்டீரியாக்களுக்கும் தீனி. அதை வருஷக்கணக்கில் பட்டினி போடச் சொல்லலாமா?

முன்பு அரிசியே ஆகாது என்று எழுதியபோதும் ஒரு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. பரவாயில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே புரதப் பவுடர் விளம்பரம் வந்ததைப் பார்த்தபோது மனசு கஷ்டப்பட்டது. பருப்பை நிறுத்தச் சொன்ன கையோடு அதையா காட்டுவது?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. எந்த விடுதி மெஸ்ஸில் அதில் பாதியாவது கிடைக்கிறது? மெஸ் கட்டணம் மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது. பெற்றோர் கூட்டத்தில் கேட்டால், பிள்ளைகள் காய் சாப்பிடுவதில்லை என்கிறார்கள். குழைந்த முட்டைகோஸை யார் சாப்பிடுவார்கள்? இதையெல்லாம் எழுத ஒரு பத்திரிகைக்கும் மனம் வரவில்லை. கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். என் மாமியார் அப்படித்தான் செய்வார். மெஸ்காரர்களுக்கு அதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும்!

நான் கேட்பது நாலு வரிதான். எத்தனை வாரம், பிறகு எப்படித் திரும்பச் சேர்ப்பது, யாரைக் கேட்டுச் செய்வது என்று அடுத்த இதழில் அதே பக்கத்தில் போடுங்கள். மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் நானே படம் எடுத்து அனுப்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திண்டுக்கல்.