மாற்றுப் பாதையில் தண்ணீர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த நெடுந்தூர நடைப்பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாதைகளின் நீளம், ஏற வேண்டிய உயரம், ஆகும் நாட்கள் என்று அட்டவணை போட்டிருந்தீர்கள். ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை மட்டும் எங்கும் காணோம்.

நான் ஓய்வு பெற்ற நில அளவையாளன். 66 அடிச் சங்கிலியை இழுத்தே காலத்தை ஓட்டியவன். எங்கே நடந்தாலும் அடிகளை எண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. தூரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு சென்ற கோடை வரை இருந்தது.

பல நாள் நடையின் ஐந்தாம் நாள் அது. துணைக்கு என் தங்கை மகன். அன்று 22 கிலோமீட்டர் நடப்பதாகத் திட்டம். நடுவில் ஓர் ஓடை உண்டு. ஆளுக்கு 4 லிட்டர், அதாவது முதுகில் 4 கிலோ தண்ணீரே தாராளம் என்று கிளம்பினோம். காலை ஐந்து மணிக்குப் பாதை பிரியும் இடத்தில் ஒரு பலகை. காட்டுத்தீயால் வழி மூடல், மாற்றுப் பாதை 31 கி.மீ., ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான்.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன விதி அது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். எங்களுக்கு 300 மீட்டர் ஏற்றம். ஏழு மணி நேரம்கூட ஆகாது, நண்பகலுக்குள் போய்விடலாம் என்றேன். நெய்ஸ்மித் மணலைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மாற்றுப் பாதை பெரும்பாலும் வறண்ட ஆற்றுப் படுகை. வைத்த கால் பாதி பின்னால் சறுக்கும். வரைபடத்தில் ஒரு நீலக் கோடு இருந்தது, விட்டுவிட்டுப் போட்ட கோடு. அப்படிப் போட்டால் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் நீர் என்று பல இளைஞர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தேன். பத்தரை மணிக்கு 15 கிலோமீட்டர்தான் கடந்திருந்தோம். இரண்டரை லிட்டர் காலி.

மிச்சத்தை மூடி மூடியாகக் குடிக்கத் தொடங்கினேன். மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "குடியுங்கள் மாமா. புட்டியில் மிச்சம் பிடித்தால் வியர்வை குறையுமா?" என்றான். அவன் சொன்னது சரி. வெயிலில் உழைக்கும் உடல் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட இழக்கும். மிச்சம் பிடிக்க வேண்டியது நடையைத்தான். பாலைக்குச் சிறுபொழுது நண்பகல் என்று வகுத்த நம் முன்னோர், அந்த நேரத்தில் அங்கே நடந்து பார்த்துத்தான் வகுத்திருக்க வேண்டும்.

படுகையைக் குறுக்கே கடக்கும் சாலையில் ஒரு சிறுபாலம் இருந்தது. வானத்தில் மேகமே இல்லை என்பதை இருவரும் தனித்தனியாக உறுதி செய்துகொண்டு (மலையில் பெய்யும் மழை, காய்ந்த படுகையில் சொல்லாமல் வந்து நிற்கும்) அதன் அடியில் ஆறு மணி நேரம் படுத்திருந்தோம். எங்களுக்கு முன்பே ஓர் ஓணான் அங்கே இடம் பிடித்திருந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்து குடித்தோம். வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அது வேறு ஆபத்து. நாலரைக்கு எழுந்தபோது ஆளுக்கு அரை லிட்டர்.

தண்ணீரைக் காட்டிக்கொடுத்தவை தேனீக்கள். 18ஆவது கிலோமீட்டரில், ஆற்றின் வெளி வளைவில், ஒரே இடத்துக்கு இறங்கி இறங்கிப் போயின. அங்கே மணல் கறுத்திருந்தது. கையாலேயே முழங்கை ஆழம் ஊற்றுத் தோண்டினோம். கலங்கல் தெளியக் காத்திருந்து, துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்து மூன்று லிட்டர் சேர்ப்பதற்குள் இருட்டிவிட்டது. மீதி வழியில் பாதிக்கு மேல் தார்ச்சாலை. பகலெல்லாம் குடித்த வெயிலை அது இரவில் செருப்பு வழியாகத் திருப்பித் தந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தோம். என் இரண்டு குதிகால்களிலும் கொப்புளம்.

அமெரிக்காவில் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்று மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 4,265 கி.மீ. ஓடும் பாதை ஒன்று உண்டு. அதன் வறண்ட தென்பகுதியில், எந்த ஊற்றில் எந்தத் தேதியில் நீர் இருந்தது என்று நடந்தவர்களே குறித்து ஒருவருக்கொருவர் சொல்லி வைக்கிறார்கள். தேதிதான் அதில் உயிர். ஏப்ரலில் ஓடிய ஊற்று ஜூனில் எனக்கு எதற்கு?

ஆகவே அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது தண்ணீருக்கு ஒரு கட்டம் சேருங்கள். எத்தனையாவது கிலோமீட்டர், ஊற்றா தொட்டியா, கடைசியாக யார் எப்போது பார்த்தது, இவ்வளவு போதும். மாற்றுப் பாதைப் பலகை எழுதுபவர்களும் இதைப் படித்தால் நல்லது. அவர்கள் எழுதிய 31ஐயும் நான் அடிக்கணக்கில் சரிபார்த்துவிட்டேன். 31.4 வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர்