கிரேன் ஆற்றங்கரையிலிருந்து மாப்பிள்ளைக்கு

ஹவுன்ஸ்லோ, லண்டன்
ஞாயிறு மாலை, மழை

மாப்ளே,

உனக்கு எழுதி ஒன்றரை வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு வாட்ஸப்பில் வந்த விளக்குப் படத்தைக் கணக்கில் சேர்க்காதே. அது என் பல் டாக்டர் உட்பட எல்லோருக்கும் போனது. இங்கே எல்லோரும் சுகம், முட்டி மட்டும் சுகமில்லை. பேத்தி நடக்கிறாள், அதாவது விழுகிறாள். அத்தை எப்படி இருக்கிறாள்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எதிர்வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய்விட்டார். போவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, "நீ ஏதோ பாண்டில் இருந்தவன் என்றாயே" என்று வாசலில் வைத்தார். உள்ளே நாற்பது இசைத்தட்டு. அந்துருண்டை வாசனை. மேலே இருந்த உறையில் 'கிரேன் ரிவர் ஜாஸ் பாண்டு' என்று போட்டிருந்தது.

கிரேன் என்பது நான் தினம் காலையில் வாக்கிங் போகும் ஓடை. ஆறு என்று பெயர்தான், நம் உய்யக்கொண்டான் வாய்க்கால் பார்த்தால் சிரிக்கும். ஹீத்ரோ விமான நிலையத்துக்குக் கிழக்கே கிரான்ஃபர்டு வழியாக வந்து ஐல்வொர்த்தில் தேம்ஸில் சேருகிறது. பதினொரு வருஷமாக அதன் கரையில் நடக்கிறேன். அதன் பெயரில் ஒரு பாண்டு இருந்தது தெரியாது. அன்று ராத்திரி ஒரு மணி வரை கேட்டேன். வீட்டம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து மூன்று வாரமாக இதே பைத்தியம்.

1949-ல் கிரான்ஃபர்டில் ஒயிட் ஹார்ட் என்ற பப்பை ஒட்டி ஆரம்பித்த குழு. எல்லோரும் இருபதை ஒட்டிய பையன்கள். தலைவன் கென் கொல்யர், 1928-ல் பிறந்து சோஹோவில் வளர்ந்தவன், டிரம்பெட்டின் குட்டித் தம்பியான கார்னெட்டைத் தானாகவே கற்றவன். (அவன் இவன் என்றே எழுதுகிறேன், மூன்று வாரத்தில் அவ்வளவு பழகிவிட்டது.) இவர்களுடைய ஒரே ஆசை, அமெரிக்காவில் ஜாஸ் பிறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸில் நாற்பது வருஷத்துக்கு முன்னால் தெருவிலும் நடனக் கொட்டகையிலும் கறுப்பினக் கலைஞர்கள் ஊதின மாதிரியே ஊதவேண்டும். அமெரிக்காவில் ஜாஸ் அதற்குள் எங்கேயோ போயிருந்தது. பெரிய ஆர்கெஸ்ட்ரா, சுவிங், அப்புறம் பீபாப். இவர்களுக்கு அது எதுவும் வேண்டாம். டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் தனியாக நின்று ஜொலிக்க ஆரம்பித்ததே சறுக்கல் என்று நினைத்த கூட்டம்! டிரம்பெட் மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும், கிளாரினெட் அதன் மேலே பின்னும், டிராம்போன் அடியில் வழுக்கி வழுக்கி வரும், பான்ஜோ நாலு அடியையும் சமமாகப் போடும். யாரும் யாரையும் முந்துவதில்லை. கேட்டால் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் ஒரு வார்த்தைகூட மோதாது. நம் குழுவின் கமிட்டிக் கூட்டத்துக்கு நேர் எதிர்.

இதையெல்லாம் எங்கே கேட்டார்கள் என்கிறாய்? ரெக்கார்டில் மட்டும்தான். 1930-களின் நடுவிலிருந்து இருபது வருஷம், அமெரிக்க வாத்தியக் குழுக்கள் பிரிட்டனில் வாசிக்க அநேகமாகத் தடை. இங்கேயுள்ள வாத்தியக்காரர் சங்கத்தின் தகராறு. அதனால் கீறல் விழுந்த தட்டில் காதை வைத்து, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கற்றார்கள். உன் வீட்டு மாடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு நாம் இடையிசை எழுதினது ஞாபகம் வருகிறதா? உன் அப்பா செருப்பைத் தேடினது?

அந்தத் தட்டுகளின் கதை தனி. பங்க் ஜான்சன் என்று ஒரு டிரம்பெட் கிழவர். 1930-களின் கடைசியில் பழைய ஜாஸின் வரலாற்றைத் தேடிப் போனவர்கள் லூசியானாவில் நியூ ஐபீரியா என்ற சின்ன ஊரில் அவரைக் கண்டுபிடித்தார்கள். அரிசி விளைகிற பக்கம். கூலி வேலை, கையில் டிரம்பெட் இல்லை, வாயில் பல்லும் இல்லை. பல் இல்லாமல் டிரம்பெட் ஊதுவதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சமயபுரம் கச்சேரிக்கு மறுநாள் நீயே செய்து காட்டினாய். ரசிகர்கள் பணம் சேர்த்துப் பல்செட் கட்டிக் கொடுத்தார்கள். கட்டின பல் டாக்டர், சிட்னி பெஷே என்ற மேதையின் அண்ணன். டிரம்பெட்டும் வந்தது. 1942-ல் ரெக்கார்டு செய்தார். கூடக் கிளாரினெட் வாசித்த ஜார்ஜ் லூயிஸுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. இந்த இரண்டு பேருடைய ஊதலைத்தான் கிரான்ஃபர்டுப் பையன்கள் வேதமாக வைத்திருந்தார்கள். பங்க் 1949-ல் போய்ச் சேர்ந்தார், இவர்கள் குழு ஆரம்பித்த அதே வருஷம்.

இனிமேல்தான் நான் தூங்காத கதை.

கென்னுக்குத் தட்டு போதவில்லை. ஜார்ஜ் லூயிஸ் உயிரோடு இருக்கிறார், நியூ ஆர்லியன்ஸில் ராத்திரி ராத்திரி வாசிக்கிறார். நேரில் போய்க் கேட்கவேண்டும். காசு ஏது? 1951 கடைசியில், நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாசிப்பை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தப் பக்கம் போகிற கப்பல் எதாவது ஒருநாள் கிடைக்கும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கடல். ஒருவழியாக அலபாமாவில் மொபைல் துறைமுகம் வந்ததும் கப்பலை அப்படியே விட்டுவிட்டு நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டான்.

அங்கே லூயிஸின் குழு அவனைக் கூட உட்காரவைத்து வாசிக்கச் சொன்னது. 1952 மாப்ளே. பஸ்ஸிலும் ஹோட்டலிலும் வெள்ளையருக்கு ஒரு இடம், கறுப்பருக்கு ஒரு இடம் என்று சட்டம் போட்டிருந்த ஊர். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பையன் கறுப்புப் பெரியவர்கள் நடுவில் சிஷ்யனாக உட்கார்ந்து ஊதுகிறான். பார்த்ததையும் கேட்டதையும் அண்ணன் பில்லுக்குக் கடிதம் கடிதமாக எழுதினான். அது 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் வந்தது, இங்கே பையன்கள் வரிசையில் நின்று படித்தார்கள். தங்குகிற அனுமதி தீர்ந்துபோனதும் பிடித்து உள்ளே போட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஜெயில். அப்புறம் நாடு கடத்தல்.

1953 மார்ச்சில் லண்டனில் வந்து இறங்கியபோது அவன் கிட்டத்தட்ட ஒரு ரிஷி. மெக்காவைப் பார்த்தவன். இங்கே டிராம்போன்காரன் கிறிஸ் பார்பரும் கிளாரினெட்காரன் மான்டி சன்ஷைனும் (நிஜப் பெயர்தான்) ஒரு குழுவைத் தயாராக வைத்திருந்தார்கள். கென் பெயரையே குழுவுக்கு வைத்துத் தலைமையைக் கொடுத்தார்கள். ஏப்ரலில் டென்மார்க்கில் கச்சேரி, திரும்பி வந்தால் லண்டன் கிளப்புகளில் கூட்டம் தள்ளுகிறது.

இடைவேளையில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். ஊதுகிறவர்களின் உதடு ஓய வேண்டுமே. கென்னும் பான்ஜோக்கார லோனி டோனகனும் கிட்டாரை எடுத்துக்கொண்டு கறுப்பினத் தொழிலாளிகளின் பழைய பாட்டுகளைப் பாடுவார்கள். அண்ணன் பில், துணி தேய்க்கும் பலகையை விரலில் உலோக உறை மாட்டிக்கொண்டு கரகரவென்று தேய்ப்பான். அதற்கு ஸ்கிஃபிள் என்று பெயர். அந்த இடைவேளைச் சமாச்சாரம்தான் பின்னால் நாட்டையே ஆட்டிவைத்தது. தேயிலை வந்த மரப்பெட்டியில் துடைப்பக் கம்பை நட்டுக் கயிறு கட்டினால் பேஸ் ரெடி என்று தெருவுக்குத் தெரு பையன்கள் கிளம்பினார்கள். (நம் நீலகிரியிலிருந்து போன பெட்டியும் அதில் இருந்திருக்கும், என்ன பந்தயம்?) லிவர்பூலில் அப்படிக் கிளம்பின ஒருவன், பின்னால் பீட்டில்ஸில் பாடின ஜான் லென்னன்.

ஆனால் அதற்குள் கென் இல்லை. 1954 மே மாதம், லண்டனில் வந்து இறங்கி ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருந்தது, குழு உடைந்தது. தாளக்காரர்கள் வாசிப்பது நியூ ஆர்லியன்ஸ் மாதிரி இல்லை என்று இவனுக்குக் குறை. கூட்டம் கைதட்டுகிறதே, இன்னும் என்ன என்று மற்றவர்களுக்கு எரிச்சல். அவன் பெயரில் இருந்த குழுவில் மற்ற ஐந்து பேரும் ஒரு பக்கம் நின்றுகொண்டார்கள். அவன் வெளியே. குழுவின் பெயர் பார்பர் குழு என்று மாறியது. ஜூலை 13-ஆம் தேதி ரெக்கார்டிங். அதில் லோனி பாடின 'ராக் ஐலண்ட் லைன்' 1956-ல் அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் முதல் பத்தில் நின்றது. கென்னுக்குப் பதிலாக வந்த பேட் ஹால்காக்ஸ் 2008 வரை, ஐம்பத்துநாலு வருஷம், அதே நாற்காலியில் இருந்தார்.

பெட்டியில் இரண்டு பேருடைய தட்டும் இருக்கிறது. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். கேட்கச் சுகம் பார்பர்தான், சத்தியமாகச் சொல்கிறேன். சுத்தம், துள்ளல், கச்சிதம். கென்னுடையது சொரசொரப்பு. டிரம்பெட்டில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது, மெட்டைவிட்டு அதிகம் நகரவும் மாட்டான். ஆனால் மூன்றாவது நாள் காலையில் பல் தேய்க்கும்போது மண்டைக்குள் ஓடினது அவன் ஊதினதுதான்.

சரி. இதை எழுதத்தான் பேனாவையே எடுத்தேன், நாலு பக்கம் சுற்றிவிட்டேன்.

1988-ல் கீபோர்டு வாங்கினோமே. ரிதம் பாக்ஸ் இருக்கிறது, டிரம்பெட் சத்தமும் அதிலேயே வருகிறது என்று குண்டு சொன்னபோது நீ எழுந்து போய்விட்டாய், அப்புறம் ரிகர்சலுக்கு வரவில்லை. நீயாகக் கோபித்துக்கொண்டு போனாய் என்றுதான் இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். மாப்ளே, அதற்கு முந்தின நாளே பாலக்கரை டீக்கடையில் நாங்கள் நாலு பேர் பேசி முடித்துவிட்டோம். குண்டு இல்லை, நான்தான் ஆரம்பித்தேன். "அவன் இருந்தால் ஒரு கல்யாண வீடு தேறாது" என்று சொன்னது நான். நீ எழுந்து போவாய் என்று தெரிந்துதான் உன் முன்னால் அந்தப் பேச்சை எடுக்கச் சொன்னோம்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. இடையிசையில் அரைக்கால் அளவு தப்பினால் மேடையிலேயே என்னைத் திரும்பிப் பார்ப்பாயே, அந்தப் பார்வைக்கு இன்றைக்கும் எனக்கு வேர்க்கும். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சாக்காகவும்தான் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை லெஸ்டர் ஸ்கொயர் பக்கம் கிரேட் நியூபோர்ட் தெருவுக்குப் போனேன். குழு உடைந்தபின் கென் வேறு குழு சேர்த்துக்கொண்டு, ஸ்டூடியோ 51 என்று அங்கே ஒரு நிலவறைக் கிளப்பில் வருஷக்கணக்காக வாசித்திருக்கிறான். 1957-ல் ஜார்ஜ் லூயிஸே கடல் கடந்து வந்து இவன் குழுவோடு ஊர் ஊராக வாசித்தார். தடை அதற்குள் தளர்ந்திருந்தது. 1963-ல் அதே கிளப்பில் ரோலிங் ஸ்டோன்ஸ் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது லென்னனும் மெக்கார்ட்னியும் உள்ளே நுழைந்து ஒரு பாட்டை அங்கேயே எழுதி முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அதோடு பழைய ஜாஸ் மோகமும் இங்கே அடங்கியது. கென் மட்டும் பாணியை மாற்றவில்லை. 1988 மார்ச்சில் தென் பிரான்சில் இறந்தான். வருஷத்தைப் பார்த்தாயா?

தெருவில் ஒன்றும் விசேஷம் இல்லை. மழை. ஒரு பையன் பிட்சா டப்பாவோடு படியில் உட்கார்ந்திருந்தான், எனக்காக நகர்ந்துகொண்டான். பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி 9 திருச்சி வருகிறேன், மூன்று வாரம் இருப்பேன். குண்டுவிடம் இன்னும் சொல்லவில்லை, முதலில் உன் வீட்டுக்குத்தான். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று உனக்கு யோசிக்க இரண்டு மாதம் இருக்கிறது. உன் டிரம்பெட் பரண்மேல்தானே இருக்கிறது? வால்வு மூன்றும் இறுகியிருக்கும். இங்கே நல்ல வால்வு எண்ணெய் கிடைக்கிறது, இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். பல் நிலவரம் மட்டும் எழுது.

உன்,
பேஸ் கிட்டார்