பள்ளிக்கூடத்தைப் பூட்டிய பட்ஜெட்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிற்றூர்களின் பள்ளி மாவட்டங்கள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, ஊரே வரி போட்டு ஊரே பள்ளி நடத்தும் ஏற்பாட்டை வாயாரப் புகழ்ந்திருந்தது. அதே ஏற்பாட்டை வைத்துத்தான் வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) 1959 முதல் 1964 வரை எல்லா அரசுப் பள்ளிகளையும் மூடினார்கள். அதையும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

கவுண்டியின் தலைமையிடம் ஃபார்ம்வில். அங்கே கறுப்பின மாணவர்களுக்காக 1939இல் கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்கானது. 1951இல் படித்தவர்கள் 450க்கும் மேல். இடம் போதாததால் மரச்சட்டம் அடித்து, தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளை வளாகத்தில் எழுப்பினார்கள். கொட்டகையில் சூட்டுக்கு இரும்பு அடுப்பு: அதன் அருகே உட்கார்ந்த பிள்ளைக்கு வியர்க்கும், தள்ளி உட்கார்ந்த பிள்ளை கோட்டைக் கழற்ற முடியாது. மழை பெய்தால் கூரை ஒழுகும். வெளியூர்க்காரர்கள் கோழிப்பண்ணை என்றே நினைத்தார்களாம். அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று, 16 வயது பார்பரா ஜான்ஸ் தலைமையில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது வழக்கானது. அரசுப் பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 பிரவுன் தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று.

இதுவரை பலருக்கும் தெரியும். பூட்டு விழுந்த விதம்தான் அதிகம் பேசப்படுவதில்லை. பல மாநிலங்களில் பள்ளி மாவட்டமே வரி விதிக்கும், வர்ஜீனியாவில் அப்படியில்லை. பள்ளி வாரியம் செலவுத் திட்டம் போடும். அதற்குப் பணம் ஒதுக்குவது கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு. 1959 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், வரும் செப்டம்பருக்குள் இரு இனப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைக்க வாரியத்துக்கு உத்தரவிட்டது. ஜூனில் மேற்பார்வையாளர்கள் பள்ளிக்கென்று ஒரு காசும் ஒதுக்கவில்லை. உத்தரவு ஓரிடத்தில், பணப்பெட்டி இன்னோரிடத்தில். வாரியத்தால் எதைத் திறக்க முடியும்? கணக்கு வழக்குத் தெரிந்தவர்கள் செய்த வேலை.

வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே தனியார் பள்ளி தயாரானது. முதல் ஆண்டு நன்கொடையில் ஓடியது. இரண்டாம் ஆண்டில் பொதுப்பணமும் வந்தது. தொடக்கப் பள்ளி மாணவருக்கு 125 டாலர், உயர்நிலைக்கு 150 டாலர் என்று மாநில உதவித்தொகை. அதன்மேல் கவுண்டி தரும் 100 டாலர். அந்தப் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தவர் தன் சொத்து வரியில் 25 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். 1961இல் நீதிமன்றம் இதை நிறுத்தும்வரை, கறுப்பினத்தவரும் வரி கட்டிய கஜானாவிலிருந்து அவர்கள் பிள்ளைகள் நுழைய முடியாத பள்ளிக்குப் பணம் போனது.

கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேர். தேவாலயங்களின் அடித்தளத்தில் நடந்த பயிற்சி மையங்களில் சிலர் படித்தார்கள். சிலர் வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரிக்குப் போனார்கள், சிலர் வெளிமாநிலக் குடும்பங்களில் தங்கிப் படித்தார்கள். பலருக்குப் படிப்பு அத்தோடு சரி. 1963இல் நன்கொடையில் திறந்த இலவசப் பள்ளிகள் ஓராண்டு நடந்தன.

1964 மே 25இல் உச்ச நீதிமன்றம், இந்தப் பள்ளி மூடலை எதிர்த்த கிரிஃபின் வழக்கில் சரியான இடத்தில் கை வைத்தது. வாரியத்தோடு நிற்காமல், தேவையானால் மேற்பார்வையாளர்களையே வரி விதித்துப் பணம் ஒதுக்கும்படி கட்டாயப்படுத்தலாம் என்றது. பள்ளிகள் திறந்தன. ஆனால் அந்த ஜூன் பட்ஜெட்டைப் பாருங்கள்: அரசுப் பள்ளிகளுக்கு 1,89,000 டாலர், தனியார் பள்ளிக் கட்டண உதவிக்கு 3,75,000 டாலர். அந்த ஊர் எதை மதித்தது என்று அறிய இந்த இரண்டு தொகைகள் போதும். பள்ளி முகப்பில் எழுதி வைக்கும் குறிக்கோள்களைப் படிக்க வேண்டியதில்லை.

2003இல் மாநிலச் சட்டமன்றம் வருத்தம் தெரிவித்தது. பழைய மோட்டன் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். பள்ளி வாரியங்களைத் தேர்தலில் தேர்ந்தெடுக்க 1992இல் வர்ஜீனியா சட்டம் வழிவிட்டது. வரி போடும் அதிகாரம் மட்டும் இன்றும் வாரியங்களுக்கு இல்லை. இப்படி ஒரு முறையை இங்கும் கொண்டுவரலாம் என்று கட்டுரையாளர் யோசனை சொல்வதானால், ஒதுக்கீடு வராத ஆண்டில் பள்ளியைத் திறந்து வைக்க வேண்டியவர் யார் என்பதையும் அடுத்த பகுதியில் எழுதட்டும்.

— கல்வி அலுவலகக் கணக்கர் (ஓய்வு), திண்டுக்கல்