வெட்டச் சொன்னதும் விட்டுவைத்ததும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர், பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றி வரும் வெளிநாட்டு நாடகங்களை நம் மலேசியாவில் மொத்தமாகத் தடை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். காதல், கர்ப்பம், போதை எல்லாவற்றையும் பிள்ளைகள் இவற்றில்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். ஒரு தகப்பனின் பயம் அந்தக் கடிதத்தில் தெரிந்தது. என் மகள் படிவம் 4இல், அதாவது 16 வயதுப் பிள்ளைகளின் வகுப்பில், படிக்கிறாள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் தடை என்று பேசுவதற்கு முன்னால், இப்போது எதைத் தடுக்கிறோம், எதைத் தாராளமாக உள்ளே விடுகிறோம் என்று பார்க்க வேண்டும். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. வெட்டுவதுதான் என் தொழில்.

கோலாலம்பூரில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எடிட்டராக வேலை பார்க்கிறேன். தமிழ்ப் படங்களை ஒளிபரப்புக்கு ஏற்றபடி தயார் செய்வது, தொலைக்காட்சிக்காகவே எடுக்கும் படங்களான உள்ளூர் டெலிமூவிகளைத் தொகுப்பது, இதுதான் பிழைப்பு. நிலையத்திலிருந்து ஒரு தாள் வரும். எந்த நிமிடம், எந்த வினாடி, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக இருக்கும். முத்தம், எடுக்கவும். மது பாட்டில், மங்கலாக்கவும். கெட்ட வார்த்தை, ஒலியை அடக்கவும். கதாநாயகியின் முதுகு கூடுதலாகத் தெரிந்தால் அதற்கும் ஒரு வரி உண்டு. இத்தனை வருடத்தில் அந்தத் தாளில் நான் பார்க்காத ஒன்று இருக்கிறது. ஒருவன் ஒரு பெண்ணை பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டு வாசல் வரை விடாமல் பின்தொடரும் காட்சியை எடுக்கச் சொல்லி ஒரு வரிகூட வந்ததில்லை. கணவன் மனைவியைக் கன்னத்தில் அறைவதை எடுக்கச் சொன்னதில்லை. அறைவதை மூன்று கோணத்தில், மூன்று முறை, இடி முழக்கத்தோடு காட்டினாலும் அது அப்படியே போகும். முன்னோட்டத்திலும் அதுதான் வரும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் உள்ளூர் டெலிமூவி என் மேசைக்கு வந்தது. படிவம் 4 மாணவி ஒருத்தி. அவளுடைய பழைய காதலன் அவள் படத்தை நண்பர்களுக்கு அனுப்பிவிடுகிறான். அவள் அம்மாவிடம் சொல்ல முடியாமல் தவித்து, கடைசியில் அரசாங்க கிளினிக்கில் இருக்கும் ஒரு தாதியிடம் மனம் திறந்து பேசுகிறாள். படத்தில் ஆபாசம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை; அந்தப் புகைப்படத்தையே இயக்குநர் காட்டவில்லை. அந்தத் தாதி அவளிடம் பேசுவதுதான் படத்தின் உயிர். எங்கே புகார் கொடுக்கலாம், யாரிடம் போகலாம், இது உன் குற்றம் இல்லை என்று அந்தத் தாதி நிதானமாகச் சொல்வார். நிலையம் அந்தப் பேச்சில் பாதியைக் குறைக்கச் சொன்னது. குளியலறை அலமாரியில் இருந்த மாதவிடாய் அணையாடைப் பொட்டலத்தை மங்கலாக்கச் சொன்னது. அப்புறம் இரவு 11 மணிக்குப் போட்டார்கள். அதே வாரம், அதே நிலையத்தில், சாயங்காலம் ஏழு மணிக்கு ஓடிய தொடரில் மாப்பிள்ளை பெண்ணைக் கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டினான். அதற்கு வெட்டும் இல்லை, நேர மாற்றமும் இல்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான்.

அந்தப் பொட்டலம் விஷயம் இன்னும் மனதில் உறுத்துகிறது. நம் வீட்டுப் பெண் வயதுக்கு வந்தால் மண்டபம் எடுக்கிறோம், வாசலில் ஆளுயரப் பேனர் வைக்கிறோம், ஐந்நூறு பேரைக் கூப்பிட்டு மஞ்சள் நீராட்டு விழா நடத்துகிறோம். வீடியோ எடுப்பவர் அதை மூன்று மணி நேரப் படமாகவே செய்து கொடுக்கிறார். அப்படிப்பட்ட சமூகத்தின் தொலைக்காட்சியில் ஓர் அட்டைப் பொட்டலம் தெரியக்கூடாதாம். இது நமக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 2023இல் அமண்டா நெல் இயூ இயக்கிய 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' என்ற மலேசியப் படம், பூப்பெய்தும் 12 வயதுச் சிறுமியைப் பற்றியது. கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் அதற்குத்தான் முதல் பரிசு. நம் நாடே அதை ஆஸ்கருக்கு அனுப்பியது. ஆனால் அக்டோபரில் இங்கே திரையரங்குக்கு வந்தது வெட்டப்பட்ட பிரதி. அது நாங்கள் எடுத்த படமே இல்லை என்று இயக்குநர் வெளிப்படையாக அறிவித்தார். யாருடைய வயதைப் பற்றி அந்தப் படம் பேசியதோ, அந்த வயதுப் பிள்ளைகளின் ஊரில்தான் அது முழுசாக ஓடவில்லை.

'கபாலி' எல்லோருக்கும் நினைவிருக்கும். 2016இல் உலகமெல்லாம் ஒரு முடிவோடு ஓடியது; நம் ஊரில் மட்டும் கடைசியில், கபாலி போலீஸில் சரணடைந்தார் என்று எழுத்தில் போட்டார்கள். குற்றம் செய்தவன் தப்பிவிட்டான் என்று படம் முடியக்கூடாது என்பது தணிக்கையின் எண்ணம். சரி, அந்த எண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 மே 31 முதல் ஒருவரைப் பின்தொடர்ந்து தொல்லை செய்வது நம் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின்கீழ் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். எவையெல்லாம் தொல்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது: பின்தொடர்வது, எந்த வழியிலாவது தொடர்பு கொள்ள முயல்வது, வீட்டருகிலோ வேலையிடத்திலோ சுற்றித் திரிவது, பொருள் எதையாவது கொடுப்பது அல்லது அனுப்புவது. ஒரு முறை இல்லை, அவளுக்கு மன உளைச்சலையோ பயத்தையோ உண்டாக்கும் என்று தெரிந்தே திரும்பத் திரும்பச் செய்தால் அது குற்றம். தமிழ்ப் படக் காதலன் முதல் ஒரு மணி நேரத்தில் செய்வதை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டு போய்ச் சட்டமாக எழுதியது போல இருக்கிறது. இந்தக் குற்றவாளிக்குப் படத்தின் கடைசியில் என்ன தண்டனை? மாலை. மேளம். அவளே சிரித்துக்கொண்டு கழுத்தை நீட்டுகிறாள். இவன் சரணடைந்தான் என்று எழுத்துப் போடச் சொல்லி எனக்கு இன்றுவரை தாள் வரவில்லை.

இது வெறும் கோட்பாட்டுச் சண்டை இல்லை. என் மகளின் தோழி ஒருத்தியை, செந்தூல் எல்ஆர்டி நிலையத்திலிருந்து ஒரு பையன் சில வாரங்களாகப் பின்தொடர்ந்து வந்தான். மாடிப்படி வரை வருவான், நின்று பார்ப்பான், போய்விடுவான். அந்தப் பெண் பயந்துபோய்த் தோழிகளிடம் சொன்னபோது அவர்களில் இரண்டு பேர், "இவ்வளவு நாளாக வருகிறானே, அப்படியென்றால் நிஜமான அன்புதான்" என்றார்களாம். இந்தப் பிள்ளைகள் அதை எந்த வெளிநாட்டு நாடகத்திலும் கற்கவில்லை. பாட்டி, அம்மா, அத்தை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது கூடவே இருந்து கற்றார்கள். என் மனைவிதான் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேசினாள். பிறகு இரண்டு வீட்டாரும் சேர்ந்து போய்ப் புகார் கொடுத்தார்கள்.

2025 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் பள்ளிக்குள்ளேயே ஒரு மாணவி கொல்லப்பட்டாள். நாடே கலங்கியது. அதன் பிறகு கைப்பேசி, கணினி விளையாட்டு, சமூக ஊடகம் பற்றி நிறையப் பேசினோம். 16 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு வேண்டாம் என்று அமைச்சரவையும் முடிவெடுத்தது. பேசட்டும், தேவைதான். ஆனால் நான் படித்தவரையில், தினமும் நம் வீட்டுக் கூடத்தில் ஓடும் வன்முறையைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட இல்லை.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 'வித்அவுட் எ டிரேஸ்' என்ற துப்பறியும் தொடரின் ஓர் அத்தியாயத்தில் பள்ளி மாணவர்களின் விருந்து ஒன்று அத்துமீறிப் போவதைக் காட்டினார்கள். 2004 டிசம்பர் 31 அன்று ஒளிபரப்பானது. 2006 மார்ச்சில் அங்குள்ள ஒளிபரப்பு ஆணையமான எஃப்சிசி, 111 நிலையங்களுக்கு மொத்தம் 36 லட்சம் டாலர் அபராதம் என்று அறிவித்தது. நாட்டின் நடுப்பகுதியில் அது இரவு 9 மணிக்குப் போனது. கிழக்குப் பகுதியில் 10 மணிக்கு. ஆபாசக் காட்சிக்கு எதிரான விதி காலை 6 முதல் இரவு 10 வரைதான் செல்லும். ஆகவே அதே அத்தியாயம், அதே இரவு, 9 மணிக்குப் போட்டவருக்கு அபராதம், 10 மணிக்குப் போட்டவருக்கு ஒன்றுமில்லை. 2011இல் எம்டிவி 'ஸ்கின்ஸ்' என்ற பதின்ம வயதுத் தொடரைப் போட்டபோது அதைவிடப் பெரிய கூச்சல் எழுந்தது. எம்டிவி கேபிள் வழியாக வருவதால் அந்த விதிக்குள்ளேயே வராது. அங்கே விளம்பரதாரர்கள் விலகியதுதான் நடந்தது; தொடர் ஒரு பருவத்தோடு நின்றுவிட்டது. இன்னொன்று. கனடாவின் 'டெக்ராஸி' தொடரில் ஒரு மாணவி கருக்கலைப்பு செய்வதைப் பற்றிய அத்தியாயம் அங்கே 2004இல் வந்தது. அமெரிக்காவில் அந்தத் தொடரைப் போட்ட, பதின்ம வயதினருக்காகவே நடந்த சேனல், அந்த ஒன்றை மட்டும் 2006 வரை போடவில்லை.

நம் நாட்டிலும் ஒரு படைப்பு எந்த வழியாக வருகிறது என்று பார்த்துத்தான் சட்டம் மாறுகிறது. திரையரங்குக்கு வரும் படத்தை 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ் தணிக்கை வாரியம் பார்க்கிறது. நெட்ஃபிலிக்ஸ் போன்றவை இணையம் வழியாக வருவதால் அவை 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் பக்கம் போய்விடுகின்றன. வாரியத்தின் கத்தரி அங்கே எட்டாது. என் மேசையில் ஒரு முத்தத்தை வெட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், அதே படம் முழுசாக மகளின் கைப்பேசியில் இருக்கிறது. கை எட்டவே எட்டாது என்றும் சொல்ல முடியாது. 15 வயதுப் பெண்ணை மையமாக வைத்து, மதங்களைப் பற்றிக் கேள்வி கேட்ட ஓர் உள்ளூர்ப் படத்தை, அது இணையத்திலிருந்து எடுக்கப்பட்ட பிறகும் 2023இல் உள்துறை அமைச்சு தடை செய்தது. வேண்டும் என்று நினைத்தால் கை நீள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எழுதிய வாசகருக்கு ஒரு விஷயத்தில் நான் துணை நிற்கிறேன். '13 ரீசன்ஸ் வொய்' தொடர் 2017 மார்ச்சில் வந்தபோது அதில் ஒரு மாணவி உயிரை விடும் காட்சி இருந்தது. மனநல மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அந்தக் காட்சியை நெட்ஃபிலிக்ஸ் 2019 ஜூலையில்தான் எடுத்தது. எடுத்தது சரி, இரண்டு வருடத்துக்கு மேல் விட்டுவைத்தது தப்பு. வெட்ட வேண்டிய காட்சிகள் இருக்கின்றன என்பதை என்னைவிட யார் நம்புவார்கள்? ஆனால் நியூசிலாந்து அப்போது செய்ததையும் பாருங்கள். அந்தத் தொடருக்காகவே ஆர்பி18 என்று ஒரு புது வகையை உருவாக்கினார்கள். 18 வயதுக்குக் கீழுள்ளவர்கள் பெற்றோர் அல்லது பாதுகாவலரோடு சேர்ந்துதான் பார்க்க வேண்டும். தடுப்பதற்குப் பதிலாகப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். 2025இல் வந்த 'அடாலசன்ஸ்' தொடர், 13 வயதுப் பையன் சக மாணவியைக் கொன்றதாகக் கைதாகும் கதை. பிரிட்டனில் அதை உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள், பிரதமரே ஆதரித்தார். நாங்கள் வீட்டில் நான்கு பகுதியையும் மகளோடு உட்கார்ந்து பார்த்தோம். முடிந்த பிறகு அவள் தன் வகுப்புப் பையன்களைப் பற்றிச் சொன்னதை எல்லாம், எந்தப் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பிலும் நான் கேட்டதில்லை.

ஆகவே தணிக்கை வாரியத்தையும் தொடர்பு, பல்லூடக ஆணையத்தையும் கேட்டுக்கொள்வது இதுதான். ஒரு காட்சியை எந்த வழியாக வருகிறது என்று பார்த்து அளக்க வேண்டாம். அது பிள்ளைக்கு எதைச் சரி என்று சொல்கிறது என்று பார்த்து அளக்கட்டும். பின்தொடர்வது, அறைவது, கட்டாயத் தாலி, இவை காதலாகவும் பாசமாகவும் காட்டப்பட்டால், அதை இந்தியாவிலிருந்து வரும் குடும்பத் தொடர் என்று விட்டுவிடாமல் 16 என்றோ 18 என்றோ குறியிட்டு, நேரத்தை மாற்றட்டும். ஒரு படைப்பை வெட்டினால் ஏன் என்று எழுத்தில் வெளியிடட்டும். என் மேசைக்கு வரும் தாளில் நிமிடமும் வினாடியும்தான் இருக்கின்றன, காரணம் இருந்ததே இல்லை. தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்த்து வகைப்படுத்தும் இடத்தில் பள்ளி ஆலோசக ஆசிரியர்களும், முடிந்தால் படிவம் 5 முடித்த பிள்ளைகள் சிலரும் உட்காரட்டும்.

வாசகர்களும் செய்யலாம். ஒளிபரப்பு உள்ளடக்கத்தின் நெறிமுறையைக் கவனிக்கும் உள்ளடக்க மன்றம் பொதுமக்களிடம் புகார் வாங்குகிறது. முத்தத்துக்குப் புகார் எழுதும் கை, அறைக்கும் எழுதட்டும்.

ஆசிரியர் அவர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழில் தினமும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல் வருகிறது. தொடரின் பெயரும் நேரமும் மட்டும்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதன் வயதுக் குறியீட்டைப் போடுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது, எந்தத் தொடரில் என்ன வருகிறது என்று இரண்டு வரி தமிழில் எழுதுங்கள். அதை எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் எடிட்டர்,
செந்தூல், கோலாலம்பூர்