முதல் பாரிலேயே இரண்டு லட்சம் கன அடி

தருமபுரி,
ஜூலை 12

அன்புள்ள கலா,

பிள்ளைகள் குழுவுக்கு நீ எழுதின இசையின் ஸ்கோர், அதாவது முழு இசைக்குறிப்பு, வந்து 18 நாள் ஆகிறது. காய்ச்சல், ஆடிட், விருந்தாளி என்று எதையாவது சொல்லலாம்; நீ நம்பமாட்டாய். திட்டுவதா பாராட்டுவதா என்று முடிவாகாமல் வைத்திருந்தேன். ஆடிப்பெருக்குக் கச்சேரிக்கு இன்னும் மூன்றே வாரம், அதனால் திட்டிவிடுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். வரதனுக்கு இன்னும் அதே ஸ்கூட்டர்தான்.

வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று வில்வாத்தியம் வாசிக்கும் 22 பிள்ளைகளை வைத்து ஒகேனக்கல்லை வாசிக்கவேண்டும் என்று தோன்றியதே, அதற்கு முதலில் ஒரு சபாஷ். ஆனால் முதல் பாரிலேயே, அதாவது தாளத்தின் முதல் கட்டத்திலேயே, எல்லோருக்கும் டிரெமொலோ, வில்லை நடுக்கி வேகமாக இழுப்பது, அதுவும் உச்ச சத்தத்தில்! பிலிகுண்டுலுவில் நீர்வரத்து அளக்கிறார்களே, அந்தக் கணக்கில் எடுத்ததுமே விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி. 64 பாருக்கும் அதே வெள்ளம். அதற்கு மேல் எங்கேடி ஏறுவாய்?

பிள்ளைகள் டிரெமொலோ வாசிக்கும் லட்சணம் உனக்குத் தெரியும். தோளோடு மொத்தக் கையையும் உதறுவார்கள். எட்டு பாருக்குள் முன்கை இறுகிப்போகும், வில், தந்தியைத் தாங்கும் குதிரைக் கட்டையை விட்டு விரல்பலகைப் பக்கம் நழுவும், அப்புறம் கேட்பது அருவி இல்லை, சுருதி கலங்கின இரைச்சல். வில்லின் நுனியில், மணிக்கட்டு மட்டும் ஆட, இரண்டு விரல்கடை அகலத்துக்குள் வாசித்தால் தாங்கும். அப்போதும் 8 பாருக்கு மேல் ஒரே ஆளிடம் கேட்காதே. பக்கத்து ஜோடிக்கு மாற்றிவிடு.

அதைவிட, ஒகேனக்கல்லின் சத்தத்தை யோசித்துப் பார். அது ஒரே அருவியா? பாறை இடுக்குகளில் பிரிந்து பத்து இடத்தில் விழுகிற தண்ணீர். பக்கத்தில் விழுவது படபடக்கும், தூரத்தில் விழுவது உறுமும். எல்லோருக்கும் ஒரே நடுக்கம் கொடுத்தால் அது வராது. ஆளுக்கு ஒரு நடை கொடு. செல்லோ மூவருக்கும் ‘தக’, பீட்டுக்கு இரண்டு; இரண்டாம் வயலின் ஏழு பேருக்கும் ‘தகதிமி’, நான்கு; முதல் வயலினில் பின்னால் உட்காரும் நால்வருக்கு ‘தகிட’, மூன்று. எல்லாம் திறந்த தந்தியில்: செல்லோவும் இரண்டாம் வயலினும் D, முதல் வயலின் A. இடது கைக்கு வேலையே இல்லை, கவனம் முழுக்க வில்லில் இருக்கும். நீ போட்டிருக்கும் நிமிஷத்துக்கு 96 பீட் வேகத்தில் தகதிமி விநாடிக்கு ஆறுக்கு மேல் வருகிறது. 72-க்கு இறக்கு, ஐந்துக்குள் அடங்கும், உன் பிள்ளைகளுக்கு அதுதான் தோது.

கெட்டுப்போவது தகிடதான். பக்கத்தில் தகதிமி ஓடினால் மூன்று, நான்காகிவிடும். இரண்டு நாள் வில்லையே தொடவிடாமல் வாயால் சொல்லிக் கைதட்ட வை. மூன்று கூட்டமும் கண்ணை மூடிக்கொண்டு தாளம் தவறாமல் நிற்கிற வரைக்கும் வயலின் பெட்டி திறக்கவேண்டாம்.

நீர்வரத்தை ஆள் எண்ணிக்கையால் ஏற்று, வில்லின் அழுத்தத்தால் ஏற்றாதே. அழுத்தினால் கீறல்தான் வரும். முதல் 8 பார் டபுள் பேஸ் மட்டும், திறந்த D, ஒரு வில்லுக்கு இரண்டு பார், மெதுவாக. ஒன்பதில் செல்லோ. 17-லிருந்து இரண்டாம் வயலின், 4 பாருக்கு ஒரு ஜோடியாக. தகிட நால்வரும் எல்லோருக்கும் பின்னால், கடைசியில். உன் இரண்டு லட்சம் 40-வது பார் பக்கம் வந்தால் போதும்.

திறந்த தந்தியில் ஒரு ஆபத்து உண்டு. விரலால் சரிக்கட்ட வழியே கிடையாது. தந்தியை முறுக்கும் பிருடை பிசகினால் அப்படியே காட்டிக்கொடுக்கும். மழைக்காற்றில் பிருடை ஊறி இறுகும், வெயிலில் நழுவும். சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் ஃபைன் டியூனர் திருகு இல்லாத வயலின்களுக்கு இப்போதே வாங்கிப் போடு. மண்டபத்துக்குள் போனதும் சுருதி சேர்க்காதே. கால் மணி நேரம் வாத்தியம் அங்கேயே இருக்கட்டும், பிறகு சேர்.

அமிர்தவர்ஷிணி ராகத்தைக் கொண்டுவந்து சேர்த்தது நல்ல புத்தி. தீட்சிதர் இதைப் பாடி மழை வரவழைத்தார் என்ற எட்டயபுரம் கதை தெரிந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். D-யை ஸட்ஜமாக வைத்திருக்கிறாய்: D, F ஷார்ப், G ஷார்ப், A, C ஷார்ப். வயலினுக்கும் வயோலாவுக்கும் முதல் பொசிஷனிலேயே, கையை நகர்த்தாமல், D, A என்ற இரண்டே தந்தியில் முழு ராகமும் கிடைக்கிறது. இடிக்கிற இடம் பிரதி மத்யமம், அதாவது G ஷார்ப். மூன்றாம் விரல் G-யில் உட்கார்ந்தே பழகியது, G ஷார்ப்புக்கு எட்டிப் போகச் சோம்பும். G ஷார்ப்பை வாசித்து உடனே திறந்த A-யைத் தொடச் சொல். நடுவில் அரை ஸ்வரம்தான் இருக்கவேண்டும் என்று காதுக்கே புரியும். செல்லோவில் அதே ஸ்வரத்துக்குக் கையை விரித்து நான்காம் விரலை நீட்டவேண்டும், சின்னக் கைக்கு வலிக்கும். அவர்களுக்கு D-யும் A-யும் போதும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தைக் கூட்டத்துக்கு எழுதாதே. கர்நாடக வயலின் கற்கிற பெண் ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்கு 8 பார் தனியாகக் கொடு. மற்றவர்கள் நேர் ஸ்வரம்.

அவள் வாசிக்கும்போது தண்ணீரைக் குறை. உன் வயலின்களின் திறந்த தந்திகள் எல்லாம் அவள் பாட்டு ஓடுகிற அதே ஸ்தாயியில்தான் இருக்கின்றன, விழுங்கிவிடும். 1725-ல் அச்சான விவால்டியின் ‘வசந்தம்’ என்ற இசையில் மெதுவான பகுதியை எடுத்துப் பார். வயலின்கள் இலை சலசலப்பு, வயோலா நாய், தனி வயலின் தூங்குகிற இடையன். அவ்வளவுதான். அடியில் பேஸ்கூட இல்லை. வெனிஸில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன்; ஒரு வாத்தியத்துக்கு ஒரே வேலை என்று வைத்தார்.

மழைத்துளிக்கு நீ எழுதிய பிட்ஸிகாட்டோ, தந்தியை விரலால் சுண்டுவது, சரி, ஆனால் வில்லிலிருந்து விரலுக்கு மாற ஒரு பாராவது ஓய்வு கொடு. அரை பீட்டில் மாறச் சொன்னால் வில் தரையில் கிடக்கும். தகரக் கூரை மழைக்கு வில்லின் கட்டையால் தட்டச் சொல்லியிருக்கிறாய். வில் வாங்கித்தந்த அப்பன்மார் சண்டைக்கு வருவார்கள், பென்சிலால் தட்டட்டும். காற்றுக்கு, குதிரையின் மேலேயே வில்லை இழுத்து, இடது கையின் நான்கு விரல்களாலும் தந்தியை லேசாக மூடவேண்டும். ஒரே விரலை வைத்தால் ஹார்மோனிக் என்கிற மெல்லிய மேல்ஸ்வரம் விசிலடிக்கும்.

குயில் ‘கு’, ‘ஊ’ என்று இரண்டு ஸ்வரம் இல்லைடி. வழுக்கி ஏறுகிற ஒரே இழுப்பு. ஒவ்வொரு தடவையும் அரை ஸ்வரம் மேலே தொடங்கட்டும், ஐந்தாறு தடவை, பிறகு பட்டென்று நிறுத்து. உங்கள் மாந்தோப்புக் குயில் அப்படித்தானே நிறுத்துகிறது! செல்லோவின் அந்தக் கடல்புறாக் கத்தலை எடுத்துவிடு. கிருஷ்ணகிரி அணையில் கடல்புறாவுக்கு எங்கே போவேன்?

மண்டபம் டைல்ஸ் தரை என்றால் எதிரொலியில் தகதிமி குழம்பும். ஜமக்காளம் விரி, செல்லோவைத் தரையில் ஊன்றும் கம்பியும் வழுக்காது. மின்விசிறிக்குத் தாள் பறக்கும், துணிக் கிளிப் இரண்டு டஜன் கொண்டுபோ.

வாத்தியத்துக்கு ஒன்றாகத் திருத்தின இசைத்தாள்களை ராசாத்தியிடம் கொடுத்தனுப்பு, வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வருகிறாளாம்.

உன்,
மல்லி

பி.கு: 41-வது பாரில் வயோலாவுக்கு நீயும் ஒரு நாய் எழுதியிருக்கிறாய். ஒகேனக்கல்லில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்கத்தான் நினைத்தேன். இருக்கட்டும், நம் மாஸ்டர் முன்வரிசையில் இருப்பார், விவால்டியின் நாய் என்று அவருக்குப் புரியும்.