கதை நின்ற இடத்தில் ஒரு குறி

அன்புள்ள கண்ணா,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. ஆறு வயதாகியும் சின்னவன் எழுத்துக்கூட்டத் திணறுகிறான், புத்தகத்தைக் கண்டாலே அழுகிறான் என்றாயே.

அக்பர் பாதுஷாவுக்கே எழுதப் படிக்க வரவில்லை என்பார்கள். தினமும் யாராவது வாசிக்க, உட்கார்ந்து கேட்பாராம். அன்றைக்கு எந்தப் பக்கத்தோடு நிறுத்தினார்களோ அங்கே தன் கையாலேயே ஒரு குறி போட்டுவைப்பார் என்று அவர் அரசவையில் இருந்த அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். கதை கேட்பதில் அவ்வளவு பிரியம். 20 வயது வாக்கில், முகமது நபியின் சித்தப்பா ஹம்ஸாவின் சாகசக் கதைகளைப் படமாகத் தீட்ட உத்தரவிட்டார். அப்பா ஹுமாயூன் காலத்தில் ஈரானிலிருந்து வந்த ஓவியர்கள் மீர் சையது அலியும் அப்துஸ் சமதும் முன்னின்று நடத்த, ஏறக்குறைய 15 வருஷம் வேலை நடந்தது. சுமார் 1400 படங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 67 செ.மீ. உயரம், பருத்தித் துணியில் தீட்டியது. பின்பக்கம் தாளில் கதை. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற அளவு.

அதில் 200 கூட இன்று மிஞ்சவில்லை. 1881இல் ஸ்ரீநகரில் ஒரு கடை ஜன்னலில் காற்றுக்கு அடைத்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் லண்டன்காரர் ஒருவர் சிலதை வாங்கினாராம். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பவை அப்படிப் போனவை. சில படங்களில் முகத்தை மட்டும் யாரோ சுரண்டி அழித்திருக்கிறார்கள். வகுப்பில் 30 வருஷம் முகம் வரையச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

அந்தப் படங்களில் நீ சின்னவனுக்குக் காட்ட வேண்டியது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நூருத் தஹர் என்ற இளவரசன் தண்ணீரில் தத்தளிக்கிறான். இலியாஸ் நபி காப்பாற்ற வந்திருக்கிறார். என் பழைய ஓவியப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தண்ணீரைப் பார், கண்ணா. ஒரு அலைகூடச் சும்மா கிடக்கவில்லை, சுழித்துச் சுழித்து ஓடுகிறது, நடுவில் மீன்கள். மேலே மரங்கள், இலை இலையாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். எத்தனை பொறுமை வேண்டும்!

வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று இந்த மாதிரிப் படங்களை எல்லா நாளும் பார்வைக்கு வைக்கமாட்டார்கள். கேட்டுக்கொண்டு போ. இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினாலும் போதும். ஒரு எழுத்தும் கேட்காதே. மீனை எண்ணச் சொல். அந்த அண்ணன் எப்படித் தண்ணீரில் விழுந்தான் என்று கேள், அவனே கதை கட்டுவான். நீ வேலை முடிந்து அலுத்து வருவது எனக்குத் தெரியும். கால் மணி நேரம் போதும்.

தூக்கம் வந்து கதையை நிறுத்தும்போது அவன் கையில் ஒரு பென்சிலைக் கொடு. பாதுஷா போட்ட மாதிரி அவனும் ஒரு குறி போடட்டும். முதல் குறியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அம்மா