காலியான ஊர் இல்லை இது

அன்புள்ள கயல்,

"டொரன்டோவுக்கே வந்துவிடு அம்மா, அந்த ஆளில்லாத ஊரில் ஏன் கிடக்கிறாய்?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மூஸ் ஜா நகரில் இந்த முதியோர் இல்ல வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்கு இந்தச் சஸ்காச்சுவன் மாகாணம் புரிய ஆரம்பித்தது. இங்கே இருக்கும் பாட்டிகள் பலர் கோதுமைப் பண்ணைகளில் பிறந்து வளர்ந்தவர்கள். தலை வாரிவிடும்போது பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். எனக்கும் நிறுத்த மனசு வராது.

1872-ல் வந்த சட்டப்படி 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர். மூன்று வருஷம் அங்கேயே குடியிருந்து உழுதால் நிலம் சொந்தம். இவர்களுடைய தாத்தாக்கள் அப்படி வந்தவர்கள். மரமே இல்லாத இடம் என்பதால் புல்லோடு மண்ணை வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். ஆனால் ஒன்று, அதற்கு முன்னும் இது காலி நிலம் இல்லை. கிரீ, சோல்டோ, அசினிபொய்ன் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த பூமி. 1874-ல் ஒப்பந்தம் போட்டு, அவர்களை ரிசர்வு என்ற தனி நிலங்களுக்குள் ஒதுக்கிய பிறகுதான் இந்தப் பண்ணைகள் வந்தன. பாட்டிகள் இதைப் பேசுவதில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய போன் கதைதான். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கம்பெனி நடத்தியதெல்லாம் விவசாயிகளே. ஒரே கம்பியில் பல வீடுகள். யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அடையாளம். ஒரு பாட்டி, அந்தக் கால போனின் கைப்பிடியைச் சுற்றுவதுபோல், வலது கையைக் காற்றில் சுழற்றிக் காட்டினார்: இரண்டு நீளம், ஒரு குட்டை. அது அவர் பிறந்த வீடு! பக்கத்து வீடுகளின் மணியையும் வரிசையாகச் சொன்னார். அடுத்தவர் பேச்சை எடுத்துக் கேட்பதும் உண்டாம். நிறையப் பேர் எடுத்துவிட்டால் குரல் மங்கிவிடும், "கொஞ்சம் வையுங்களேன்" என்று கெஞ்ச வேண்டும். ஆனால் விடாமல் ஒரே நீளமாக அடித்தால் ஊருக்கே ஆபத்துச் செய்தி. எங்கோ தீப்பிடித்திருக்கும், இல்லை பனிப்புயலில் யாரையாவது காணவில்லை. கேட்ட எல்லோரும் ஓடுவார்கள்.

முப்பதுகளின் பஞ்சம் கொடுமை. 1937-ல் ஏக்கருக்கு மூன்று புஷல், அதாவது சுமார் எண்பது கிலோ, கோதுமைகூடத் தேறவில்லை. பெட்ரோலுக்குக் காசில்லாமல் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டி ஓட்டினார்கள். 1930 முதல் 1935 வரை பிரதமராக இருந்த பென்னட்டின் பெயரையே அந்த வண்டிக்கு வைத்துவிட்டார்கள். கிழக்குக் கரையிலிருந்து நிவாரணமாக உப்பு மீன் வந்ததாம். பலருக்கு அதை எப்படிச் சமைப்பது என்றே தெரியவில்லை. கருவாட்டை ஊறவைக்கத் தெரிந்த ஒருத்தி அப்போது அங்கே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

கதிரடிக்கும் நாளில் அக்கம்பக்கத்தார் முறை வைத்து ஒவ்வொரு பண்ணையாகப் போவார்கள். அத்தனை பேருக்கும் விடிகாலையிலிருந்து பெண்கள் சமைப்பார்கள். கிராமங்களுக்கு மின்சாரம் பரவியதே 1949-க்குப் பிறகுதான். அதுவரை அடுப்பும் விளக்கும்தான்.

இப்போதும் இலையுதிர் காலம் வந்தால் கிராமத்து மண்டபங்களில் வான்கோழி விருந்து நடக்கும், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவருவார்கள். இந்த அக்டோபரில் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். எலுமிச்சை சாதம் செய்யலாம் என்று இருக்கிறேன். போன தடவை வந்தபோது பெரிய அண்டாவை எங்கே எடுத்து வைத்தாய்? ஞாபகமாகச் சொல்லு.

அன்புடன்,
அம்மா